ஜெபித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு

திருமங்கலம் பக்கத்துச் சபை ஒன்றின் கமிட்டி உறுப்பினர் என்று சொல்லி நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். பாடகர் குழுவில் பாடும் ஒரு சகோதரியை அவருடைய கணவர் அடிக்கிறார் என்பது ஓராண்டாகச் சபையில் பலருக்கும் தெரியும். அந்தக் கணவர்தான் சபையின் பொருளாளர். சபைப் போதகரான ஆயர் இரண்டு முறை இருவரையும் தம் வீட்டுக்கு வரவழைத்துப் பேசி, ஜெபித்து அனுப்பிவைத்தார். மூன்றாம் முறை அந்தச் சகோதரி கையில் மாவுக்கட்டோடு ஆராதனைக்கு வந்து, மாடிப்படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னார். 'குடும்பம் பிரிவதற்குச் சபை காரணமாகிவிடாமல் நாங்கள் என்ன செய்யலாம்?' என்று முடித்திருக்கிறீர்கள். பாடகர் குழுப் பயிற்சியின் நேரத்தை மாற்றச் சொல்லிக் கணவர் கேட்பதைப் பற்றியும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். கேள்வியை இரண்டு மூன்று முறை வாசித்தபின், உங்களுடைய உண்மையான தயக்கம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வீட்டு விவகாரத்தில் ஒருவர் பக்கமாக நிற்பதற்குச் சபைக்கு உரிமை உண்டா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். உண்டு என்பதே என் பதில். ஆனால் அந்தப் பக்கத்தில் போய் நின்று என்ன வேலை செய்வது என்பதில்தான் நல்ல மனம் படைத்த சபைகளும் தவறிவிடுகின்றன.

நான் சமூகப் பணியில் முதுகலை முடித்து, மதுரையில் முதலில் ஒரு மருத்துவமனையிலும் பின்னர் குடும்ப ஆலோசனை மையத்திலும் இருபத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவள். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் சில ஆண்டுகள் செயலாளராகவும் இருந்தேன். வழக்கறிஞர் அல்ல, இறையியல் படித்தவளும் அல்ல. ஆகவே சட்டத்தையும் வேதத்தையும் பற்றி நான் சொல்பவற்றை அவற்றில் தேர்ந்த ஒருவரிடம் கேட்டுக்கொண்டே நீங்கள் அடியெடுத்து வைக்க வேண்டும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில், உங்கள் ஆயர் செய்ததையே நானும் செய்திருக்கிறேன். ஒரு தம்பதியை உட்காரவைத்துப் பேசிய மூன்று பேரில் நானும் ஒருத்தி. கணவர் அழுதார், முழங்காலில் நின்றார். ஆயர் இருவர் கைகளையும் சேர்த்துவைத்து ஜெபித்தார். எல்லோரும் காபி குடித்துவிட்டுக் கலைந்தோம். நான்கு நாள் கழித்து அந்தப் பெண்ணை அவசரப் பிரிவில் பார்த்தேன். 'அக்கா, நீங்க கேட்டீங்கன்னுதானே எல்லாத்தையும் சொன்னேன்' என்றாள். கணவர் எதிரில் அவளைப் பேசவைத்தது நாங்கள். அதற்கான அடியை வாங்கியது அவள்.

ஆகவே இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்: அடி நடந்துகொண்டிருக்கும் வீட்டில் இருவரையும் ஒன்றாக வைத்துப் பேசும் கூட்டத்தை உடனே நிறுத்துங்கள். கருத்து வேறுபாட்டுக்குச் சமாதானப் பேச்சு நல்ல மருந்து. மாமியாரோடு ஒத்துப்போகவில்லை, சம்பளத்தை வீட்டில் கொடுக்கவில்லை என்ற பிரச்சினைகளில் ஆயர் நடுவில் உட்கார்ந்து பேசி எத்தனையோ வீடுகள் நன்றாகியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவர் மற்றவருக்குப் பயந்து நடுங்கும் இடத்தில் அந்தப் பேச்சில் உண்மை வெளிவருவதில்லை. 'அவளும் வாய் பேசாமல் இருக்கலாமே', 'அவரும் கை நீட்டாமல் இருக்கலாமே' என்று சொல்லையும் அடியையும் ஒரே தராசில் வைத்து நிறுத்திவிட்டு எழுந்துவருகிறோம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் 2006இல் வெளியான விதிகள், நீதிமன்றம் ஏற்பாடு செய்யும் ஆலோசனையில்கூட, தான் செய்த வன்முறைக்கு நியாயம் சொல்ல எதிர்த்தரப்பை அனுமதிக்கக் கூடாது என்றும், அதை ஆலோசனை தொடங்குவதற்கு முன்பே அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்றும் சொல்கின்றன. ஆயர் வீட்டு வரவேற்பறையில் நாம் நடத்தும் பஞ்சாயத்தில் இந்தக் குறைந்தபட்சக் கட்டுப்பாடுகூட இருப்பதில்லை. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் உள்ள 'அவனும் நீயும் தனித்திருக்கையில்' குற்றத்தை உணர்த்தச் சொல்லும் வழிமுறையைச் சிலர் இங்கே கொண்டுவருவார்கள். இத்தனை பேர் அறிந்த, உயிருக்கு ஆபத்துள்ள ஒரு குற்றத்துக்கு, அடிபட்டவரையே அடித்தவரோடு தனியாக அனுப்பச் சொல்லும் வசனமாக அதை என்னால் வாசிக்க முடியவில்லை.

பிறகு செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தச் சகோதரியிடம் தனியாகக் கேட்பது. கேட்பவர் ஒரு பெண்ணாக இருக்கட்டும். ஆயரின் துணைவியாராக இருக்கலாம், பெண்கள் ஐக்கியத்தில் வாயை அடக்கத் தெரிந்த ஒரு மூத்த பெண்ணாகவும் இருக்கலாம். வீட்டு ஜெபம் என்ற பெயரில் நான்கு பேர் அவர் வீட்டுக்குப் போய் இறங்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட அனுப்ப வேண்டாம், அந்தக் கைபேசி யார் கையில் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. பயிற்சிக்கு வந்த இடத்தில், பாத்திரம் கழுவும் இடத்தில், பிள்ளையை ஓய்வுநாள் பள்ளியில் விடவரும்போது, 'உன் கையைப் பார்த்தேன். படியில் விழுந்தது என்று நான் நினைக்கவில்லை. நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நான் இருக்கிறேன்' என்று சொன்னால் போதும். முதல் தடவையிலேயே அவர் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. சொல்லத் தொடங்கும்போது, 'நீ என்ன சொன்னாய் அவர் அடிப்பதற்கு?' என்று ஒரு முறை கேட்டுவிட்டால் அந்தக் கதவு ஆண்டுக்கணக்கில் மூடிக்கொள்ளும். அவர் சொன்னது ஜெபக்குறிப்பாகவும் மாறிவிடக் கூடாது. நம் சபைகளில் ரகசியம் கசிவதற்கு மிகப் புனிதமான வழி இதுதான்: 'பெயர் சொல்ல விரும்பவில்லை, பாடகர் குழுவில் ஒரு சகோதரிக்காகப் பாரத்தோடு ஜெபிப்போம்' என்று ஒருவர் சொன்னால், ஆமென் சொல்வதற்கு முன்பே அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அன்றிரவு கணவருக்கும் தெரிந்துவிடும்.

கேட்கும்போது காது கூர்மையாக இருக்க வேண்டிய சில அடையாளங்கள் உண்டு. கழுத்தை நெரித்தாரா, கொன்றுவிடுவேன் என்று சொன்னாரா, கத்தியையோ மண்ணெண்ணெயையோ கையில் எடுத்தாரா, அந்தச் சகோதரி கருவுற்றிருக்கிறாரா, அடிக்கும் இடைவெளி மாதம் ஒன்றிலிருந்து வாரம் ஒன்றாகக் குறைந்திருக்கிறதா என்பவை முக்கியம். இவற்றில் கழுத்தை நெரிப்பதைத் தனியாக எடுத்துச் சொல்கிறேன். பல நாட்டு ஆய்வுகள் பின்னால் நிகழும் கொலையோடு அதை நெருக்கமாகத் தொடர்புபடுத்துகின்றன; வெளியே ஒரு தடம்கூட இல்லாவிட்டாலும் உள்ளே ரத்தக் குழாய் சேதமடைந்து பல மணி நேரமோ பல நாளோ கழித்து உயிருக்கு ஆபத்து வரலாம் என்பதால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெண் வீட்டைவிட்டு வெளியேற முடிவு செய்யும் நேரமும் வெளியேறிய உடனடி வாரங்களும்தான் மிக ஆபத்தானவை என்பதையும் இந்தத் துறையில் வேலை செய்த யாரும் சொல்வார்கள். எனவே 'நீ ஏன் இன்னும் அங்கே இருக்கிறாய், கிளம்பி வா' என்று அவசரப்படுத்துவதும் 'பொறுத்துப்போ' என்று சொல்வதைப் போலவே யோசனையற்ற பேச்சு. போக வேண்டிய நாளில் எங்கே போவது, யாரை அழைப்பது, பிள்ளைகளை எப்படிக் கூட்டிக்கொள்வது என்பதை முன்கூட்டியே அவரோடு பேசி வைக்க வேண்டும். ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகள், இரண்டு மாற்றுத் துணி ஆகியவற்றை வேறொரு வீட்டில் வைத்திருக்கலாம்.

இனிச் சட்டம். உங்கள் பயத்துக்குப் பாதி மருந்து இங்கே இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் நிவாரணம் கேட்க விவாகரத்துக் கேட்க வேண்டியதில்லை. திருமணம் அப்படியே இருக்க, 'இவர் என்னை அடிக்கக் கூடாது, நெருங்கக் கூடாது' என்ற பாதுகாப்பு ஆணையையும், வாழ்ந்த வீட்டிலேயே தொடர்ந்து வாழும் உரிமையையும், தேவைப்பட்டால் கணவரை அந்த வீட்டிலிருந்து வெளியேறச் சொல்லும் ஆணையையும், பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பையும், செலவுக்குப் பணத்தையும் நீதித்துறை நடுவரிடம் கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் மருமகளுக்கு அங்கே வசிக்கும் உரிமை இருக்கக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. அடியை மட்டுமல்லாமல், இழிவாகப் பேசுவதையும், பாலியல் கொடுமையையும், மனைவியின் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதையும் சட்டம் வன்முறையாகவே எண்ணுகிறது. பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஆக, 'குடும்பத்தைப் பிரிக்காமல்' என்ற உங்கள் நிபந்தனைக்கு ஏற்ற வழி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. பெரும்பாலான சபைக் கமிட்டிகளுக்கு அது தெரிவதில்லை.

சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, வன்முறை நடந்தது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காக அவர்மீது வழக்குப் போட முடியாது. நீங்களும் ஆயரும்கூட அதில் அடக்கம். ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக அந்தச் சகோதரியின் சம்மதம் இல்லாமல் ஓடிப்போய்ச் சொல்லிவிடாதீர்கள். உடனடி உயிராபத்து இருந்தால் மட்டும் 112ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். பாதுகாப்பு அலுவலரை மாவட்டச் சமூகநல அலுவலகத்தின் வழியாக அணுகலாம். அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை ஒன்றைத் தயாரித்து நடுவருக்கு அனுப்புவார். 181 என்ற பெண்கள் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. சகி என்று அழைக்கப்படும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கவும் மருத்துவ, சட்ட உதவி பெறவும் வழி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். மனு கிடைத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாளுக்குள் தீர்ப்பு என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் நான் பார்த்த வழக்குகளில் மாதங்கள் ஆகியிருக்கின்றன, சிலவற்றில் ஆண்டுகளே ஆகியிருக்கின்றன. அவசரம் என்றால் இடைக்கால ஆணை கேட்கும்படி வழக்கறிஞரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போவது இன்னொரு வழி. மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 498ஏ பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவாக இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆனால் அங்கேயும் பல நேரம் முதலில் நடப்பது சமாதானப் பேச்சுதான். 'இனி இப்படி நடக்காது' என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். புகார் கொடுத்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது என்பது மட்டும் என் கண்டிப்பான அறிவுரை. அதைப்போல, மதுரைப் பெரியாஸ்பத்திரியானாலும் வேறெந்த மருத்துவமனையானாலும், காயம் எப்படி ஏற்பட்டது என்று மருத்துவர் கேட்கும்போது சொல்லும் பதில்தான் விபத்துப் பதிவேட்டில் ஏறும், 'ஏ.ஆர். நகல்' என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தாளைத்தான் பின்னாளில் நீதிமன்றத்தில் முதலில் கேட்பார்கள். 'படியில் விழுந்தேன்' என்று அந்தச் சகோதரி அங்கேயும் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கணவர் பக்கத்தில் நின்றதால் அப்படிச் சொன்னேன் என்று விளக்க முடியும். அடுத்த முறை என்று ஒன்று வந்தால், ஒரு பெண் கூடப் போய் அவரைத் தனியாகப் பேசவைப்பது மிகப் பெரிய உதவி.

இங்கேதான் சபையால் மட்டும் செய்யக்கூடிய வேலை தொடங்குகிறது. சாட்சி என்ற சொல்லை நாம் ஞாயிறுதோறும் பயன்படுத்துகிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்கு நீதிமன்றத்தில் ஓர் அர்த்தம் இருக்கிறது என்பது, ஒரு பெண் வழக்கோடு வந்து நிற்கும்போது சபையில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கையில் கட்டோடு அவர் வந்ததை நூறு பேர் பார்த்தார்கள்; வழக்கு என்று வரும்போது பார்த்தேன் என்று சொல்ல ஒருவர் முன்வருவதே கடினம். எனவே பார்த்தவர்கள் இப்போதே ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைக்கட்டும்: எந்த ஞாயிறு, எந்தக் கை, முகத்தில் எந்தப் பக்கம் வீக்கம், அவர் சொன்ன வார்த்தை என்ன. 'அடித்தார்' என்று நீங்கள் எழுத வேண்டாம், அதை நீங்கள் பார்க்கவில்லை. 'இடது கண்ணுக்குக் கீழே கன்றியிருந்தது' என்று எழுதுங்கள், அதை நீங்கள் பார்த்தீர்கள். கேள்விப்பட்டதைவிடக் கண்ணால் கண்டது நீதிமன்றத்தில் மிக உறுதியாக நிற்கும். அடுத்தது திருமணப் பதிவேடு. 1872ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி உங்கள் ஆலயத்தில் நடந்த திருமணத்தின் பதிவு ஆலயத்திலேயே இருக்கிறது. உடுத்திய துணியோடு வெளியேறும் பெண்ணுக்கு அதன் சான்றிட்ட நகலும் பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றும் முதல் வாரத்திலேயே தேவைப்படும். அவற்றை 'கணவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு' என்று தாமதப்படுத்தாமல், அவர் கேட்ட அன்றே எழுதிக் கொடுக்க ஆயர் முடிவு செய்துவிட்டால், ஒரு மாத அலைச்சல் மிச்சம்.

பணமும் இடமும் தேவைப்படும். உங்கள் சபையில் கணவரே பொருளாளர் என்பதால், உதவிப் பணம் சபைக் கணக்கு வழியாகப் போக முடியாது; ரசீது எழுதும் கை எது என்று யோசித்துப் பாருங்கள். ஐந்தாறு குடும்பங்கள் தங்கள் கையிலிருந்து சேர்த்து ஒரு பெண்ணிடம் கொடுத்து வைப்பது நல்லது. பேருந்துக்கு, ஒரு மாத வாடகைக்கு, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு என்று சிறு தொகைகள்தாம் பல நேரம் ஒரு முடிவை எடுக்கவிடாமல் தடுக்கின்றன. தங்கும் இடத்துக்கு நம் மனம் உடனே சபை வளாகத்தையும் மிஷன் விடுதியையும் நோக்கிப் போகும். 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் காலத்திலிருந்து பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் வைத்துப் பழகிய ஊர் இது. அந்தப் பழக்கம் நல்லதுதான். ஆனால் கணவர் முதலில் தேடிவரும் இடமும் அதே வளாகம், வாட்ச்மேன் முதல் சமையற்காரம்மா வரை அவருக்குத் தெரிந்தவர்கள். வேறு ஊரில், வேறு திருச்சபையைச் சேர்ந்த ஒரு விடுதியோ அரசு அங்கீகரித்த இல்லமோ மேல்.

வேதத்தைப் பற்றி. 'மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்' என்று எபேசியர் 5ஆம் அதிகாரத்தை யாராவது எடுத்தால், அதற்கு முந்தைய வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருக்கச் சொல்கிறது என்பதையும், அடுத்து வரும் வசனங்கள் கணவனிடம் கேட்பது மனைவியிடம் கேட்பதைவிட அதிகம் என்பதையும் வாசித்துக் காட்டுங்கள். 'தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்' என்ற மல்கியா 2:16ஐ நம் ஆட்கள் பாதியோடு நிறுத்துவார்கள். அதே வசனத்தின் மறுபாதி கொடுமையைப் பற்றியது. மனைவியைக் கனம்பண்ணாதவனின் ஜெபத்துக்குத் தடை வரும் என்று 1 பேதுரு 3:7 சொல்கிறது. அதைத் திருமண ஆராதனைப் பிரசங்கத்தில் நான் கேட்டது மிகக் குறைவு. ஆனால் அந்தச் சகோதரியின் மனதில் இருக்கும் கேள்வி பெரும்பாலும் இவை அல்ல. 'மன்னித்துவிட்டேன் என்றால் திரும்பிப் போகத்தானே வேண்டும்?' என்பதுதான் என்னிடம் வந்த கிறிஸ்தவப் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்டது. அவர்களோடு நான் வாசித்தது 1 சாமுவேல் 26ஆம் அதிகாரம். தன்னைக் கொல்லத் தேடிவந்த சவுலைக் கொல்ல வாய்ப்புக் கிடைத்தும் தாவீது தொடவில்லை. அதைக் கண்ட சவுல், பாவஞ்செய்தேன், திரும்பி வா, இனி உனக்குப் பொல்லாப்புச் செய்யேன் என்கிறான். அந்த மனஸ்தாபம் அந்த நிமிடத்தில் உண்மையாகவே இருந்திருக்கலாம். தாவீது தான் எடுத்துவந்திருந்த சவுலின் ஈட்டியைத் திருப்பிக் கொடுக்கிறான், ஆனால் சவுலோடு போகவில்லை. தன் வழியே போய்விடுகிறான், அடுத்த அதிகாரத்தில் எல்லையையே தாண்டிவிடுகிறான். பழிவாங்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. இதை நானே கண்டுபிடித்த வியாக்கியானமாகச் சொல்லவில்லை. ஒரு பெண் பாடகர் குழுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, 'அப்ப தாவீது மன்னிக்கலைன்னு சொல்லுவீங்களா?' என்று என்னிடம் கேட்டபோது எனக்கே புரிந்தது.

கத்தோலிக்க வாசகர்கள் இருந்தால் அவர்களுக்காக ஒன்று: துணையால் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ மனத்தளவிலோ உடலளவிலோ பெரும் ஆபத்து இருந்தால் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டென்றும், தாமதம் ஆபத்தானால் மறைமாவட்ட ஆயரின் ஆணைக்குக் காத்திராமல் தாமாகவே பிரியலாம் என்றும் திருச்சபைச் சட்டத்தின் 1153ஆம் எண் சொல்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியே சொல்ல முடியாது; ஆகவே அதற்கு வெளியே, அன்பியத்திலோ பங்கு அலுவலகத்திலோ, இன்னொரு முறை பேசும்படி அவர் அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொள்ளலாம். சீர்திருத்தத் திருச்சபையாரில் யாரேனும் பின்னாளில் விவாகரத்துதான் வழி என்று முடிவு செய்தால், 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் 2001இல் திருத்தப்பட்ட பிறகு கொடுமை மட்டுமே போதுமான காரணம்; அதற்கு முன் சட்டப் புத்தகத்தின்படி மனைவி கணவனின் விபச்சாரத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த முடிவு அவருடையது. அதற்குக் கமிட்டியில் தீர்மானம் தேவையில்லை.

கணவரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, ஆனால் அதைத் தாண்டிப் போக முடியாது. அவர் பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்போது என்பதில்தான் கவனம் வேண்டும். மனைவி பத்திரமான இடத்தில் இருப்பதற்கு முன் ஆயர் அவரிடம் இதைப் பேசினால், 'நீதான் போய்ச் சொன்னாய்' என்று அன்றிரவே கணக்குத் தீர்க்கப்படும். இரண்டாவது, நம் சபைத் தேர்தல்களை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: பொருளாளரை விலகச் சொன்னால் அது மறுநாளே எதிர் அணியின் சதி என்று ஆகிவிடும், கணவரின் பங்காளிகளும் மனைவியின் தாய்மாமன் வீட்டாரும் ஒரே சபையில் அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அடி மறைந்துபோய் ஓட்டுதான் பேச்சாகும். ஆகவே அந்தப் பேச்சை உங்கள் கமிட்டியில் எடுப்பதைவிட, ஆயர், சபைகளுக்கு மேலுள்ள பேராயத்தில் பொறுப்பில் இருப்பவரிடம் நேரில் சொல்லி, அங்கிருந்து வரச்செய்வது நல்லது. மனந்திரும்பிவிட்டேன் என்று கணவர் சபைமுன் சாட்சி சொல்ல விரும்பினால், தயவுசெய்து இடம் கொடுக்காதீர்கள். கண்ணீரை நான் அளவுகோலாக வைத்துக்கொள்வதில்லை. செய்தவற்றை 'ஆனால்' சேர்க்காமல் ஒப்புக்கொள்கிறாரா, மனைவி தள்ளி இருக்கும்போது அவரைத் தேடிப்போகாமல் இருக்கிறாரா, கேட்காமலேயே செலவுக்குப் பணம் அனுப்புகிறாரா, 'எப்போது திரும்பி வருவாள்' என்று கேட்பதை நிறுத்திவிட்டாரா என்றுதான் பார்ப்பேன். வேதத்தில் வரும் வரி வசூலிப்பவனான சகேயுவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்றுதான் சொன்னான்.

அடிக்கும் ஆண்கள் மாறுகிறார்களா என்று கேட்டால், எனக்கு உறுதியான பதில் இல்லை. சிலர் மாறியதைக் கண்டிருக்கிறேன். அது ஒரு கூட்டத்திலோ ஒரு உபவாச ஜெபத்திலோ நடந்ததல்ல, நீதிமன்ற ஆணையோடும் பிரிந்திருந்த இரண்டு மூன்று ஆண்டுகளோடும் நடந்தது. குடியை நிறுத்தினால் அடி நின்றுவிடும் என்பதும் பாதி உண்மைதான். குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை எடுக்கச் சொல்லுங்கள், ஆனால் குடிக்காத நாளிலும் அடித்தாரா என்று அந்தச் சகோதரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள்மேலும் கை வைக்கிறாரா என்பதையும் கேட்க வேண்டும். பாலியல் தீங்கு என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி அதை அறிந்த யாரும், ஆயர் உட்பட, புகார் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காமல் இருப்பதே குற்றம். மற்ற தீங்குகளுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. இன்னொரு சங்கடம்: எல்லா உதவியும் செய்தபின் அந்தச் சகோதரி கணவரிடமே திரும்பிப் போகலாம். பலர் ஒரு முறையில் வெளியேறுவதில்லை. அப்போது 'இனி எங்களிடம் வராதே' என்று சபை கைகழுவினால், கணவர் இத்தனை நாள் அவளிடம் சொல்லிவந்தது மெய்யாகிவிடும். உனக்கு யாரும் இல்லை என்பதுதான் அது.

இது உங்கள் சபையில் ஒரு வீட்டுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரால் ஏதோ ஒரு கட்டத்தில் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது எல்லா மதத்தாரையும் சேர்த்த எண். கிறிஸ்தவ வீடுகளில் எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஆனால் நம் வீடுகளில் இல்லை என்று நினைக்கவும் எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஆலயத்தில் பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறத்தில் 181 என்ற எண்ணை ஒட்டி வைக்க ஐம்பது ரூபாய்கூட ஆகாது. அதை யார் வாசித்தார்கள் என்று யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்த அந்த வரி. சனிக்கிழமை மாலையில் நடக்கும் பாடகர் குழுப் பயிற்சி வீட்டு வேலைக்கு இடைஞ்சலாக இருப்பதால், ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன், தானும் கூட இருக்கும் நேரத்துக்கு மாற்ற வேண்டும் என்று பொருளாளர் கேட்பதாகவும், சின்ன விஷயம்தானே என்று கமிட்டி ஒப்புக்கொள்ளப்போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அந்தச் சகோதரி வாரத்தில் கணவர் இல்லாமல் வீட்டைவிட்டு வெளியே வரும் ஒரே நேரம் அதுதான். மாற்ற வேண்டாம். பாடல் நடத்துகிறவர் வேறு வேலை இருப்பதாகவோ, கீபோர்டு வாசிக்கும் தம்பிக்குச் சனிக்கிழமைதான் தோது என்றோ ஒரு காரணம் சொல்லட்டும். கை ஆறும் வரை அவர் பாடாமல் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை, ஆல்டோ பாடுகிறவர்கள் வரிசையில் அவருடைய நாற்காலி அவருக்காக இருக்கட்டும், பக்கத்து நாற்காலியில் யார் உட்காருவது என்பதை மட்டும் யோசித்து முடிவு செய்யுங்கள்.